பொத்தான் போடாத கோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

அங்கே ரோட்டுப் பனியை வாரும் வண்டியின் மேல் நின்று நீ அனுப்பிய படம் வந்தது. அம்மா அதைப் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் கொண்டுபோய், "எம்புள்ளைக்குக் குளிரே ஒறைக்கல பாருங்க" என்று காட்டிவிட்டு வந்தாள். நான் பார்த்தது வேறு. அத்தனை பனியில் உன் கோட்டுப் பொத்தான்கள் திறந்திருக்கின்றன. கன்னம் இரண்டும் சிவந்திருக்கின்றன.

கிளம்பும் முன் மேஸ்திரி ஆளுக்கொரு மூடி பிராந்தி ஊற்றுவார், முகம் சிவந்தவன்தான் வண்டியில் ஏறலாம் என்று பெருமையாகச் சொன்னாயே. அது சூடு ஏறுகிற சிவப்பு இல்லையடா, வெளியேறுகிற சிவப்பு. குடித்ததும் ரத்தம் தோலுக்குப் பாய்கிறது. தோல் கதகதப்பாக இருப்பதால் குளிரே இல்லை என்று மனசு நம்பிவிடுகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டிய சூடு தோல் வழியாகவே வெளியே போய்க்கொண்டிருக்கும். உடம்பைக் காப்பாற்ற வருகிற நடுக்கத்தையும் பிராந்தி அடக்கிவிடும்.

இதெல்லாம் நர்ஸ் படிப்பில் படித்ததுதான். பயம் வந்தது போன வாரம். எங்கள் வார்டுக்கு ஒரு லாரிக்காரரைக் கொண்டுவந்தார்கள். இங்கே மலைப்பாதையில் ராத்திரி வண்டி நின்றுபோக, உதவி வரும்வரை தாங்கும் என்று அரை பாட்டில் குடித்திருக்கிறார். லாரிக்குப் பக்கத்திலேயே உறைபனியில் கிடந்தாராம். கோட்டைக் கழற்றி, அழகாக மடித்து வைத்திருந்தாராம். "எதுக்குங்க கழட்டினீங்க?" என்று கேட்டேன். "புழுங்குச்சும்மா" என்றார். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. அவர் மனைவி வந்தபோது அந்தக் கோட்டை நான்தான் கையில் கொடுத்தேன்.

அன்றிலிருந்து உன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறதடா. வயிற்றுப்புண் என்று மேஸ்திரியிடம் ஒரு பொய் சொல்லு. கூட இருப்பவர்கள் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். மூடியைத் தள்ளிவிட்டுச் சூடாக டீ குடி. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

எல்லோரும் தங்கள் பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று வேண்டுவார்கள். நான் தலைகீழாக வேண்டுகிறேன். உனக்கு நன்றாகக் குளிரட்டும். உடம்பு வெடவெடக்கட்டும், பல் தந்தியடிக்கட்டும். கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு, "தாங்க முடியலக்கா" என்று புலம்பி ஒரு போன் பண்ணு.

அந்தப் புலம்பலுக்குக் காத்திருக்கும்,
அக்கா