உனக்குப் புரியும்படி

காரைக்கால்
14 மார்ச் 1953

அன்புள்ள மருமகள் ஞானப்பூவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலமாயிருக்கிறேன். புதுச்சேரியில் நீயும் லூயியும் சுகமா? குழந்தைக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. கவலைப்படும்படி ஒன்றுமில்லை. நான் தையல் சொல்லிக்கொடுக்கும் விடுதியில், பிள்ளைகள் முன்பாகச் சமையற்காரி சவரியம்மாளை, "நாக்கு செத்துப்போச்சா உனக்கு? குழம்பிலே இவ்வளவு உப்பு!" என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. தபசுக்காலத்தில் இந்த மனத்தாங்கலோடு நற்கருணை வாங்க மனம் ஒப்பவில்லை. அடுப்படிக்குப் போய், "பர்தோன்" என்றேன்.

"இது எந்த ஊரு வசவுங்க?" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிரெஞ்சில் அந்தச் சொல் எனக்குச் சுலபம். தமிழில் அதை யாரிடமும் சொன்னதேயில்லை. "மன்னிச்சுக்க, சவரியம்மா" என்றேன்.

"என்னைப் பேசுனது பிள்ளைங்க முன்னாடிங்க."

அவர்கள் முன்னாலும் சொன்னேன். அவள் சோறு போட்டாள். பழையபடி பேச்சு இன்னும் வரவில்லை.

அங்கே அலமாரியில் என் மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும், அனுப்பு. நீ போட்ட நார்த்தங்காய் இருந்தால் கொஞ்சம் வை. தனியாகச் சாப்பிடும்போது சோறு இறங்குவதில்லை.

இதுவரை லூயிக்குப் பிரெஞ்சிலேயே எழுதினேன். உன்னால் படிக்க முடியாது என்று தெரிந்துதான் எழுதினேன். இதை நீயே படி. அங்கிருந்து நான் புறப்பட்ட அன்று உன் தாய்வீட்டைப் பற்றிச் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள். லூயியும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஆகையால் அவனுக்கும் வாசித்துக் காட்டு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் மாமி,
செசீல்