ஃப்ரீசரில் இருந்த மகரந்தம்

ஞாயிறு, கடம்பத்தூர்

இன்று மச்சினி கலா வந்து ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தாள். செல்வி போன பிறகு அக்கா வீடு என்று அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"மாமா, இன்னா இது? ஃப்ரீசர்ல மஞ்சத்தூள் வச்சிக்கினு கீறீங்க? தூக்கிப் போட்டுடவா?"

குரல் அப்படியே என் மனைவியுடையது. கூடத்தில் இருந்தவன், "வேணாம் செல்வி!" என்று கத்திவிட்டேன். கலா பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அது மஞ்சள்தூள் இல்லை. செல்வி நிழலில் வளர்த்த, பனை ஜாதிக் குட்டைப் பாம் செடியின் மகரந்தம். அந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் சேர்ந்து பூக்காது என்று அவள்தான் மகரந்தத்தை உதிர்த்துப் பொட்டலம் கட்டி வைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆண் செடி காய்ந்துபோனது. அவளும் திரும்பவில்லை.

பெண் செடி இந்த வாரம் பூத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி கம்பெனி ஷிப்டைச் சாக்கு சொல்லி, மகரந்தம் தடவுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இன்று பிரஷ்ஷை எடுத்தேன். ஒரே இழுப்பில் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"மெதுவா மாமா, கொட்டிடப் போவுது."

முதுகுக்குப் பின்னால் அதே குரல். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலே எல்லாப் பூவிலும் தடவினேன். பொட்டலத்தில் மிச்சம் ஒன்றுமில்லை.

"காய் புடிக்குமா?"

"தெரியலம்மா. உங்கக்காவுக்குத்தான் தெரியும்."

கலா அழுதாள். அந்த அழுகை மட்டும் அவளுடையதாக இருந்தது.

சாயங்காலம் அவளைத் திருவள்ளூர் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். என் விரல் நுனிகளில் இன்னும் அந்தத் தூள் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை. இட்லியை ஸ்பூனால் சாப்பிட்டேன்.