முப்பத்திரண்டு முறை மெல்லவும்

ஜூன் 4

அண்ணாவுக்கு,

பன்னிரண்டு நிமிடத்தில் சோறு தின்கிறவர்களைப் பார்த்து, ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு முறை மெல்லச் சொன்னவன் நீ. இங்கே ஒட்டியிருக்கும் நலக் குறிப்புத் தாளில் உன் பெயர் இல்லை. 'தலைமை அலுவலக உணவு ஆலோசகர்' என்று பதவி மட்டும்தான் இருக்கிறது. உன் எழுத்து நடை எனக்குத் தெரியாதா?

அதை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா? கை கழுவும் தொட்டிக்கு மேலே. அந்தத் தொட்டியில் நாங்கள் கை கழுவுவதைவிடக் கக்குவதுதான் அதிகம். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, குனிந்து காலர் தைக்க ஆரம்பித்தால், தின்றதெல்லாம் புளித்த தண்ணீராகத் தொண்டைக்கு ஏறுகிறது. ஓடிப்போய்த் துப்புகிறோம். தொட்டியின் ஓட்டையில் மெல்லாத பருக்கைகள் அடைத்துக்கொண்டு நுரைத்து நிற்கும். தலையை நிமிர்த்தினால் உன் தாள்: 'நொறுங்கத் தின்றால் நூறு வயது.' பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு வாழைப்பழப் படம். வாழைப்பழத்துக்கு எதற்கடா பல்?

இடைவேளை போன வருடம் வரை அரை மணி. இப்போது பன்னிரண்டு நிமிடம். வரிசையில் நிற்க ஐந்து, தட்டைக் கழுவி மெஷினுக்குத் திரும்ப இரண்டு. மிச்சம் ஐந்து. நீ சொன்னபடி மென்று பார்த்தோம். ஒன்பது வாய் வந்தது. பக்கத்து மெஷின் பெரியக்கா கையை உதறினார். "ஒம்பது வாயில நூறு வயசு வாழணும்னா நான் பல்லியாத்தான் பொறந்திருக்கணும்."

லைன் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து உனக்கு இங்கே 'முப்பத்திரெண்டு' என்று பெயர். "முப்பத்திரெண்டு இன்னிக்கு என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது என் அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டுமாம். விடுதியில் ஒன்பதரைக்குச் சோறு, பத்துக்கு விளக்கை அணைக்கிறார்கள். சீரகத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டுமாம். டிரம்மில் வைத்திருக்கிறார்கள், நல்ல வாசனை. ஆனால் கக்கூசுக்குப் போக ஒரு நாளைக்கு இரண்டு சீட்டுதான். குடிக்கச் சொல்கிறவர்களும் நீங்கள், அடக்கச் சொல்கிறவர்களும் நீங்கள்.

போன வாரம் பெர்சனல் ஆபீசர் வந்தார். "உங்களுக்கெல்லாம் என்னம்மா இவ்வளவு வயித்தெரிச்சல்?" என்றார்.

"வயிறு எரிஞ்சா வயித்தெரிச்சல்தான சார்" என்றார் பெரியக்கா.

உன் தாளை நீயே வந்து கிழி.

தங்கை

*

ஜூன் 9

அன்புப் புளிக்குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. பேசினாலும் சண்டை, எழுதினாலும் சண்டை. எடுத்த எடுப்பில் நலமா என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்? அண்ணி உன்னைக் கேட்டாள். உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அத்தைகிட்ட சொல்லு" என்று பல்லைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

நான் எழுதியது ஒன்றரைப் பக்கம். முதல் வரியே, 'சாப்பாட்டுக்குக் குறைந்தது அரை மணி நேரம் தரப்பட வேண்டும்' என்பதுதான். மேலாளர் படித்துவிட்டு, சிவப்பு மையில் 'சுருக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அச்சகத்தில் அரைப் பக்கம் ஆக்கி, மிச்ச இடத்தில் வாழைப்பழத்தைப் போட்டுவிட்டார்கள். அந்த முதல் படி இன்னும் என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. உன் அண்ணன் பொய் எழுதுகிறவன் இல்லை.

நீ சாப்பிட்டதும் பெருஞ்சீரகம் கொஞ்சம் வாயில் போட்டு மெல்லு. இஞ்சியைத் தட்டி வெந்நீரில் குடி. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் நல்லது. தலைமாட்டை உயர்த்தி, இடது பக்கம் சாய்ந்து படு. எரிச்சல் அடங்கும்.

இரண்டு விஷயம். ஒன்று, நீ என் தங்கை என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. இரண்டு, இதையெல்லாம் போனில் பேசாதே. இது அலுவலகம் கொடுத்த போன், எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். எதுவானாலும் கடிதமே போடு.

அன்புடன்
அண்ணன்

*

ஜூன் 15

அண்ணா,

சொல்லிவிட்டேன். பெரியக்காவிடம் மட்டும். முப்பத்திரெண்டு என் அண்ணன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "அட மடச்சி, இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நான் அந்த ஆள எவ்வளவு திட்டியிருக்கேன்" என்றார். அதன்பிறகு யாரையும் உன்னைக் கிண்டல் செய்ய விடுவதில்லை. தொட்டிக்கு மேலிருந்த உன் தாளைப் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டார். கைக்குட்டை முனையில் பெருஞ்சீரகம் முடிந்திருக்கிறார். இஞ்சி, வாழைப்பழம், பீட்ரூட், கீரை, நீ சொன்ன ஒன்றைக்கூட விடவில்லை. நீ என் அண்ணன் என்பதால்தான் இவ்வளவும்.

இப்போது ஒரு கேள்வி. அவருக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. முதலுதவி அறையில் வெள்ளை மாத்திரை தருகிறார்கள், இரண்டு மாதமாகத் தினம் இரண்டு. சாப்பிட நேரம் இல்லாததால் வெறும் வயிற்றில்தான் போடுகிறார். மூன்று நாளாக அவருக்குக் கறுப்பாகப் போகிறது. தார் மாதிரி, ஒட்டிக்கொண்டு. எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதுகிறேன்: அவர் போய்விட்டு வந்தால் அடுத்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டும் நுழைய முடியவில்லை, அப்படி ஒரு அழுகல் நாற்றம். முதலுதவி அறையில் கேட்டதற்கு, "பீட்ரூட் தின்னா அப்படித்தான் போகும், போய் வேலையப் பாரு" என்றார்கள். உன் தாளில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

மருத்துவரைப் பார்க்கலாம் என்றேன். லீவு தர மாட்டார்கள். "உங்கண்ணன் எழுதினது தப்பா இருக்காது. அவரையே ஒரு வார்த்தை கேளு. அவரு சொன்னா நான் போறேன்" என்கிறார்.

உடனே பதில் போடு.

தங்கை

*

ஜூன் 19

அன்புப் புளிக்குட்டிக்கு,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. யாரிடமும் சொல்லாதே என்று அவ்வளவு சொல்லியும் சொல்லிவிட்டாய். ஓட்டை வாய். சரி, போகட்டும். அந்த அம்மா நல்லவர் போலத் தெரிகிறது, அவரிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்.

இங்கே எனக்கும் நெருக்கடிதான். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. மேலாளர் என்னை இரண்டு முறை தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எல்லாத் தொழிற்சாலைகளிலும் என் தாளையே ஒட்டப்போகிறார்களாம். உன் அண்ணிக்கு ஒரே சந்தோஷம். நீ தலைமாட்டை உயர்த்திப் படுக்கிறாயா? முட்டைக்கோஸ் சாறும் வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்கிறார்கள், கிடைத்தால் குடி.

அந்த அம்மா விஷயம். பீட்ரூட் தின்றால் சிவப்பாகப் போகலாம், தார் போல் கறுப்பாகப் போகாது. அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். மாத்திரையை உடனே நிறுத்தச் சொல். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. என் ஒன்றரைப் பக்கத்தில் கடைசிப் பத்தி இதுதான். அதைத்தான் சுருக்கிவிட்டார்கள்.

அன்புடன்
அண்ணன்

*

ஜூன் 25

அண்ணாவுக்கு,

'ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது' என்று எழுதி, அதைத் தபாலில் போட்டிருக்கிறாய்.

பத்தொன்பதாம் தேதி காலையில் உனக்குத் தெரியும். உன் கையில் போன் இருந்தது. விடுதி எண் உன்னிடம் இருக்கிறது. நீ உட்கார்ந்து, பதவி உயர்வைப் பற்றி எழுதி, அண்ணியின் சந்தோஷத்தைப் பற்றி எழுதி, முட்டைக்கோஸ் சாற்றைப் பற்றி எழுதி, கடைசியில் பெரியக்காவுக்கு வந்திருக்கிறாய். பிறகு கோந்து தடவி, தபால்தலை ஒட்டியிருக்கிறாய். கடிதம் இருபத்து மூன்றாம் தேதி வந்தது.

பெரியக்கா இருபத்தொன்றாம் தேதி செத்துவிட்டார்.

எப்படி என்று தெரிந்துகொள். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தார். "கண்ண இருட்டுதுடி" என்றார். தொட்டிக்குப் போக எழுந்தவரால் முடியவில்லை. மெஷின்மேலேயே கக்கினார். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றினது போல, கட்டி கட்டியாக. வெள்ளைக் காலர்மேல் எல்லாம். நானும் இன்னொருத்தியும் தாங்கிப் பிடித்தோம். சூப்பர்வைசர் ஓடிவந்தார். ஓடிவந்து காலர்களை எடுத்தார். "அலசினா போயிடும், சீக்கிரம் தண்ணியில போடுங்க" என்றார். அண்ணா, அவர் காலர்களைத்தான் முதலில் தூக்கினார்.

வண்டி வர முக்கால் மணி நேரம். வழியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த நாள் அவர் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள். துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் ஊசிக்கு அடியில் அந்த நாற்றம் இருந்தது. எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

நேற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்: 'ஊழியரின் மறைவு, தவறான உணவுப் பழக்கத்தால். நிர்வாகம் வழங்கிய நலக் குறிப்புகளை அனைவரும் தவறாமல் பின்பற்றவும்.' பின்பற்றினாரே அண்ணா. உன் தாளில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் பின்பற்றினார். இல்லாத பத்தியைத்தான் அவரால் பின்பற்ற முடியவில்லை.

நாங்கள் அறுபது பேர் கையெழுத்துப் போட்டு விசாரணை கேட்டிருக்கிறோம். அரை மணி இடைவேளை திரும்பி வர வேண்டும், செத்தது அவர் தப்பில்லை என்று எழுதித்தர வேண்டும். எங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? சிவப்பு மையில் 'சுருக்கவும்' என்று எழுதிய அந்த முதல் படியை அனுப்பு.

தங்கை

*

ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

செய்தி படித்து இரண்டு நாள் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உன்மேல் சத்தியம். அவர் ஆத்மா சாந்தியடையட்டும்.

நீ கேட்ட தாளை இழுப்பறையில் தேடினேன். அவசரத்தில் எங்கோ மாறியிருக்கிறது போல. கிடைத்தாலும் அதை வைத்து என்ன செய்வாய்? போன உயிர் திரும்புமா? இந்த வீடு அலுவலகம் கொடுத்தது. பாப்பாவின் பள்ளிக்கூடம் இந்த வளாகத்துக்குள் இருக்கிறது. நான் உள்ளே இருந்தால்தான் மெல்ல மெல்ல எதையாவது மாற்ற முடியும். அடுத்த பதிப்பில் அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படத்தைச் சின்னதாக்கினால் இடம் வரும் என்கிறார்கள்.

உனக்குப் பெருஞ்சீரகம் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். வயிற்றைக் காயப்போடாதே.

அன்புடன்
அண்ணன்

*

ஜூலை 8

பொட்டலம் வந்தது. தொட்டியில் கொட்டினேன். இறங்காமல் அடைத்துக்கொண்டது.

உன் இழுப்பறையில் எதுவும் மாறாது. பத்தாம் வகுப்பில் நீ வாங்கிய பரிசுச் சீட்டைக்கூட வைத்திருக்கிறவன் நீ. பொய் சொல்லவாவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கலாம். வாழைப்பழத்தைச் சின்னதாக்குகிறானாம்! எழுதும்போது உனக்குக் குமட்டவில்லையா?

விசாரணை பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு. எங்கே தெரியுமா? உங்கள் தலைமை அலுவலகத்தில், இரண்டாவது மாடியில். எங்கள் சார்பில் என்னைத்தான் அனுப்புகிறார்கள். நீ மூன்றாவது மாடி. தபாலும் வேண்டாம், போனும் வேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு ஒரு மாடி இறங்கி வா. வந்தால் உன்னைப் பழையபடி அண்ணா என்று கூப்பிடுவேன்.

*

ஜூலை 18, காலை 11.40

வாட்ச்மேன் ஐயா கையில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டாவது மாடியில் இருக்கிறேன். உங்கள் மேலாளர் அச்சடித்த தாளைக் காட்டி, "உணவு ஆலோசகர் இவ்வளவுதான் எழுதினார்" என்கிறார். விசாரணை அதிகாரி அதை எழுதிக்கொள்கிறார். இப்போதே வா.

*

ஜூலை 18, மதியம் 1.05

முதல் சீட்டை உன் கையிலேயே கொடுத்ததாக வாட்ச்மேன் ஐயா சொன்னார். படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாயாமே.

"ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"சாப்பாட்ட எடுத்து வெச்சுக்கிட்டாரும்மா. வாய்ல சோறு இருந்தா பேச மாட்டாரு. நல்லா மென்னு, மெதுவாச் சாப்பிடுவாரு" என்றார்.

அதிகாரியும் சாப்பிட எழுந்து போயிருக்கிறார். அவருக்கு ஒரு மணி நேரம் இடைவேளை. திரும்பி வந்ததும் எழுதி முடித்துவிடுவார். பெரியக்கா தின்னத் தெரியாமல் செத்தாள் என்று முடித்துவிடுவார். அதற்குள் நீ வரலாம். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு படிதான்.

வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு இறங்கி வா.