அந்த மாத்திரை தூக்கத்துக்கு இல்லையாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பா நலம், அவருடைய முழங்கால் வலியும் நலமாகவே இருக்கிறது. நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ நன்றாக இருந்தால் போதும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கருப்பையிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. ஆரம்பக் கட்டம்தான் என்கிறார் டாக்டரம்மா, வரும் வியாழக்கிழமை கருப்பையை எடுக்கிறார்கள். மாதவிலக்கு நின்றபோது நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். குளிர்பதனக் கிடங்கில் எல்லோரும் குல்லாய் போட்டு நடுங்கும்போது நான் மட்டும் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் உட்கார்ந்து வியர்த்து வழிவேன், சூரியன் உனக்கு மட்டும் தனியா டூட்டி பாக்குதுக்கா என்று கேலி செய்வார்கள். இரவில் பொட்டுத் தூக்கம் கிடையாது. அதற்குத்தான் டாக்டரம்மா ஹார்மோன் சிகிச்சை தொடங்கினார், வயிற்றில் ஒட்டிக்கொள்ள ஈஸ்ட்ரோஜன் பேட்ச், படுக்கும்போது விழுங்கப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை. அதைப் போட்ட முதல் இரவே அடித்துப்போட்டது போலத் தூங்கினேன், உன் அப்பா மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். நம் வீட்டில்தான் எந்த மருந்துக்கும் அது செய்யும் வேலையே பெயராயிற்றே, பிரஷர் மாத்திரை, கேஸ் மாத்திரை என்று. இதுவும் தூக்க மாத்திரை ஆகிவிட்டது.

ஆனால் காலையில் தலை தூக்க முடியாது. விடியற்கால ஷிஃப்டில் ஒருநாள் கண் சொருகி, அடுக்கிய பெட்டிகளில் வண்டியை முட்டிவிட்டேன், கீழே நின்ற ஆள் மயிரிழையில் தப்பினார். தூங்குவதற்காக ஓர் உயிரை எடுப்பதா என்று வேலை நாட்களில் மாத்திரையை விட்டேன், லீவு நாளில் மட்டும் போட்டுக்கொண்டேன். பேட்ச்சை ஒழுங்காக மாற்றி வந்தேன், உடம்பு காந்தாமல் இருந்ததே. இப்படியே மூன்று வருஷம் ஓடியது. நின்றுபோன உதிரம் திரும்பவும் பட்டபோதுதான் பயந்து ஓடினேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தூக்கம் வர்றது அதோட பக்க விளைவும்மா, அதோட வேலை கருப்பைச் சுவரைக் காக்கிறது, பேட்ச் மட்டும் போட்டா சுவர் தடிச்சுக்கிட்டே போகும், முதல் நாளே சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார். தூங்காதவள் காதில் தூக்கம் என்ற ஒன்றுதான் ஏறியது. மயக்கமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பேனே என்றும் சொன்னார், அதுதான் என்னை அறுக்கிறது.

இனிமேல் பேட்ச்சும் கிடையாது, காக்கக் கருப்பையே இருக்காது என்பதால் அந்த மாத்திரையும் தேவையில்லையாம். அப்போ தூக்கத்துக்கு என்ன செய்யறது என்று கேட்டேன். முதல்ல உயிரப் பாப்போம்மா என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா என் முன்னால் தைரியமாக இருக்கிறார், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுகிறார்.

எந்த மருந்து கொடுத்தாலும் என்னத்துக்கு என்று கேட்டுக்கொள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீயாக நிறுத்தாதே, போய்ச் சொல். நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல் இரு கண்ணே. லீவு போட்டு வருகிறேன் என்று நீ சொல்லும்போதெல்லாம், எதற்கு வீண் அலைச்சல் என்று தடுப்பவள் நான். இந்தத் தடவை தடுக்கவில்லை. பயமாக இருக்கிறது, வா.

உன் அம்மா