பிறந்தாராம், படித்தாராம், மறைந்தாராம்

ஏளா,

புது பிளக்ஸின் வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. இன்று காலை பள்ளிக்கூட வாசலில் உனக்கு அஞ்சலி பேனர் கட்டினார்கள். பெரிய படம். அதன் கீழே பிறந்தார், பி.எட். முடித்தார், பணியில் சேர்ந்தார், விருது பெற்றார், மறைந்தார். வாசித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. படத்தை மாற்றினால் துறைமுக ரோட்டில் போகிற எந்த டீச்சருக்கும் அது பொருந்தும்!

"எல்லாந்தான் இருக்குல்லா டீச்சர், என்ன கொறச்சல்?" என்றார் ஹெச்.எம்.

"அவளத்தான் காணல சார்" என்றேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்து எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

நம் ஊரில் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவரைப் பற்றி உன் வகுப்புப் பையன் அந்தோணி கட்டுரை எழுதி வந்தது நினைவிருக்கிறதா? நான்கு பக்கம், கலர் பென்சிலில் பார்டர். நீ முதல் வரியிலேயே நின்றுவிட்டாய்.

"ஏலே, பொறக்காத மனுசன் எவனாவது உண்டா? இவரப் பத்தி ஒனக்கு என்ன தெரியணும்? அந்த ஒண்ண மட்டும் எழுது."

அவன் தலையைச் சொறிந்தான். "வெள்ளக்காரன் சும்மா ஏத்திட்டுப் போறேன்னு கூப்பிட்டும், நம்மாளுவ எதுக்கு டீச்சர் இவரு கப்பல்ல ஏறுனாவ?"

நீ மேசையைத் தட்டிச் சிரித்தாய். "இதாம்ல கட்டுரை! இதுக்குப் பதில் சொல்லாத வரியெல்லாம் அடி."

நான்கு பக்கம் ஒரு பக்கமானது. வகுப்பே அதை வாங்கி வாங்கி வாசித்தது. தேதி இல்லாத கட்டுரைக்கு மார்க்கா என்று அன்றைக்கு உன்னோடு மல்லுக்கு நின்றவர்கள்தான், இன்று உன்னையே தேதிகளாக அடுக்கி வாசலில் கட்டியிருக்கிறார்கள். நான் எப்படிப் பொறுத்துக்கொள்வேன், சொல்?

டீயை அப்படியே வைத்துவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போனேன். உன்னைப் பற்றி ஆளுக்கு ஒரு கேள்வி, அதற்குப் பதில், அவ்வளவுதான் எழுத வேண்டும் என்றேன். ஜெனிபர் முதலில் நீட்டினாள். 'டீச்சர் ஏசும்போது எங்களுக்கு ஏன் பயம் வரவில்லை? ஏசி முடித்ததும் எங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். நாங்கள் எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள்.'

அதைக் கொண்டுபோய் பேனரில் உன் பட்டங்களின் மேலேயே பசை தடவி ஒட்டினேன்.

"என்ன டீச்சர் இது?" என்று ஹெச்.எம். பதறினார்.

"கட்டுரை சார்."

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், அது நீ விட்டுப்போனது. திரும்பி வகுப்புக்கு வந்தபோது கடைசி பெஞ்சில் ஒருத்தி, 'டீச்சர் பிறந்த ஊர்' என்று தொடங்கியிருந்தாள். நன்றாக ஏசினேன். ஏசிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.