மயில் என்று நீங்கள் சொன்ன பறவை

என் ஆசை நைனாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நீங்கள் சொன்ன ஒரு பொய் என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது, சீனாக்காரர் கடை வேலையை விட்டுவிட்டு, கம்பளியில் சுற்றிய பழைய பீங்கான் ஜாடி ஒன்றோடு கப்பலேறி வந்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன். "இது இன்னாத்துக்கு?" என்று அம்மா முறைத்தாள். "நம்ம முருகனோட மயிலு, பக்கத்துல பாம்பு, பாரு" என்றீர்கள். அவ்வளவுதான், ஜாடிக்குப் பொட்டு வைத்துச் சாமி அலமாரியில் ஏற்றிவிட்டாள். நாலு கால் உள்ள பாம்பை எந்த ஊரில் பார்த்தாளோ! நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷமே காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த ஆனியில் ஆர்.கே.பேட்டையிலிருந்து என்னை நிச்சயம் பண்ண வந்தார்கள். அந்த ஜாடியில் குங்குமம் நிரப்பி அத்தையிடம் கொடுத்தனுப்பினாள் அம்மா. மாப்பிள்ளையின் தாயார் கையை இழுத்துக்கொண்டார். "மயிலும் பாம்பும் பகையாச்சே. இதுல குங்குமம் எடுத்தா புருஷன் பொண்டாட்டி எப்படி ஒத்துமையா இருப்பாங்க?" தட்டு மாற்றாமலே கிளம்பிவிட்டார்கள். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, நைனா. உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆடிக் கிருத்திகைக்கு நம் ஊர் முருகன் மலைக்குக் காவடி எடுத்து வந்த உங்கள் ரங்கூன் சிநேகிதர் வீட்டுக்கு வந்தார். ஜாடியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மயிலும் இல்ல, பாம்பும் இல்லம்மா. காலு இருக்கு பாரு, இது டிராகன், இதான் மாப்பிள்ள. இது சீனாக்காரங்க ஊரு தெய்வப் பறவை, இதான் பொண்ணு. ரெண்டும் சேந்திருந்தா நல்ல குடித்தனம்னு அர்த்தம். 'உம்பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிக்கோ'ன்னு மொதலாளி உங்க நைனாவுக்குக் குடுத்தாரு" என்றார்.

அப்படியானால் அது எனக்காகவா கடல் தாண்டி வந்தது? ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? சாமி பேரைச் சொன்னால்தான் அம்மா பத்திரமாக வைத்திருப்பாள் என்று நினைத்தீர்களா?

அவரே ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஆர்.கே.பேட்டை போனார். மாப்பிள்ளையின் தாயார் விரல் வைத்துக் கால்களை எண்ணினாராம். "ஆங், பாம்புக்கு ஏதுங்க காலு? கல்யாணத்துக்கு இதையும் எடுத்துகினு வரச் சொல்லுங்க" என்றாராம். தை மாசம் மலையில் கல்யாணம்.

அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். "என்னையே ஏமாத்திட்டாரு பாரு அந்த மனுஷன்" என்று சிரித்தாள், பிறகு அழுதாள். இன்னமும் அந்தப் பறவைக்குப் பொட்டு வைக்கத்தான் செய்கிறாள்.

ஒரு வாக்குத் தருகிறேன், நைனா. பெரியப்பா என்னைத் தாரை வார்க்கும்போது, நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் அந்த ஜாடி நிற்கும். என் தலையில் விழும் முதல் பிடி அட்சதை அதிலிருந்துதான் வரும்.

முருகனுக்கே கோபம் தணிந்த மலையடியில், கோபம் தணிந்து உட்கார்ந்திருக்கும்
உங்கள் மூத்த மகள்,
கமலா