வாள் துரத்திய திருவிழா

அன்புள்ள அக்காவுக்கு,

போன வருடத் திருவிழாவன்று காலை, "இந்த முழங்கால் வலியோடு ஓடாதே அம்மா" என்று நான் சொல்ல வாயெடுக்கவில்லை; அவள் ஏற்கெனவே ஐவிக்கொடியைத் தலையில் சுற்றிக்கொண்டுவிட்டாள்.

ஏதென்ஸில் வாழ்க்கைப்பட்ட நீ இதையெல்லாம் மறந்திருப்பாய். நம் முன்னோர் வீட்டுப் பெண்கள் மதுக்கடவுள் தியோனிசஸின் ஆட்டத்துக்கு வர மறுத்தார்களாம். அதற்காக ஒவ்வொரு திருவிழாவிலும் நம் குலப் பெண்களை மட்டும் ஐவி சூடி ஓடவிட்டு, பூசாரி வாளோடு துரத்துவார். அகப்பட்டவளை வெட்டினால் கேள்வி கிடையாது.

அன்று பூசாரி துரத்த ஓடும்போது கிணற்றடியில் அம்மா விழுந்தாள். நான் அவள்மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டேன்.

அப்போது குயவர் வீட்டு பிலின்னா மான்தோல் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, "எவோய்!" என்று தியோனிசஸின் ஆட்டக்காரிகளைப் போலக் கூவியபடி எங்களிடம் பாய்ந்து வந்தாள். அவள் பின்னால் மீன்காரி, மருத்துவச்சி என்று நமக்கு எந்த உறவும் இல்லாத தெருவே வந்தது. எல்லார் தலையிலும் ஐவி. எங்களைச் சுற்றி ஆடினார்கள்.

"இதுல அந்தக் குலத்தவ யாருடி?" பூசாரிக்கு மூச்சு வாங்கியது.

"எல்லாரும்தான் சாமி! வெட்டுறதுன்னா சீக்கிரம் வெட்டுங்க, எனக்குச் சூளை அணையுது!" என்றாள் பிலின்னா. பூசாரி வாளைத் தாழ்த்தினார்.

அம்மா என் தோளைப் பிடித்து எழுந்து, சிரித்துக்கொண்டே ஆடினாள். அக்கா, அன்றுவரை அவள் தலைமுடி அவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை. நானும் ஆடினேன். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நேற்று முடிந்த திருவிழாவுக்குப் பூசாரி வாள் கொண்டுவரவில்லை.

உன் தங்கை